யூக்ளினாவுக்குக் கசையிழை ஒன்றா, இரண்டா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். யூக்ளினா என்பது குளத்தில் பச்சையாக நீந்தும் ஒற்றைச்செல் உயிரி, கசையிழை என்பது அது நீந்தப் பயன்படும் சாட்டை போன்ற இழை. உங்களிடம் இருக்கும் பழைய விலங்கியல் நூல், யூக்ளினாவுக்கு ஒரே கசையிழைதான், அதன் அடி மட்டும் இரண்டாகப் பிரிந்திருக்கும் என்கிறது. மகளின் பதினோராம் வகுப்புப் பாடநூலோ நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என இரண்டு இருப்பதாகச் சொல்கிறது. வீட்டு நுண்ணோக்கியில் குளத்துத் தண்ணீரை வைத்துப் பார்த்தால் ஒன்றுதான் கண்ணில் படுகிறது. இதில் எது சரி, கழுத்தருகே தெரியும் சிவப்புப் புள்ளி உண்மையிலேயே கண்ணா, இந்த உயிரி தாவரமா விலங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளும் தனித்தனி போலத் தெரிந்தாலும், செல்லின் முன்முனையில் இருக்கும் ஒரு சிறிய பையைப் புரிந்துகொண்டால் மூன்றுக்குமே பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். பல வருடங்கள் கல்லூரியில் பாசியியல் செய்முறை வகுப்புகள் நடத்தியவன் நான். ஒளி நுண்ணோக்கியில் தெரிவதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்வேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் மூலக்கூறு ஆய்விலும் தெரியவந்ததைப் படித்தறிந்தவனாகத்தான் சொல்ல முடியும். இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சரி, முதல் கேள்வி. கசையிழைகள் இரண்டு. இதில் இன்று எந்தச் சந்தேகமும் இல்லை. உங்கள் கண்ணும் தவறாகப் பார்க்கவில்லை. யூக்ளினாவின் முன்முனையில் குடுவை வடிவில் ஒரு பை உள்ளே அமிழ்ந்திருக்கிறது. அது மேலே ஒடுங்கி, ஒரு குறுகிய குழாயாக வெளியே திறக்கிறது. இரண்டு கசையிழைகளும் இந்தப் பையின் அடித்தளத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நீளமானது குழாய் வழியாக வெளியே வந்துவிடுகிறது. குட்டையானது பைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, வெளியே வருவதே இல்லை. அதனால் செல்லுக்கு வெளியே எண்ணினால் ஒன்று, உள்ளேயும் சேர்த்து எண்ணினால் இரண்டு.

பழைய நூலின் ‘பிரிந்த அடி’க்கும் காரணம் இதுதான். குட்டைக் கசையிழையின் நுனி, நீளமான கசையிழையின் மீது போய்ச் சாய்ந்திருக்கும். ஆக்சோனீம் எனப்படும் கசையிழையின் உள்சட்டம் சுமார் 0.2 மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய எல்லையும் ஏறத்தாழ அவ்வளவே. பைக்குள் இரண்டு இழைகள் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், ஒரே இழை கீழே கவட்டையாகப் பிரிவதாகத்தான் யாருக்கும் தெரியும். அக்காலத்தில் வரைந்தவர்கள் கண்ணில் பட்டதை நேர்மையாகவே வரைந்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, பையைக் குறுக்காகச் சீவிப் பார்த்த பிறகே அது கவட்டை இல்லை, தனித்தனியான இரண்டு கசையிழைகள், ஒவ்வொன்றுக்கும் அது முளைக்கும் இடமான ஓர் அடித்துகள் தனியாக உண்டு என்பது உறுதியானது. பழைய நூல்களிலிருந்து படியெடுத்த வழிகாட்டிப் புத்தகங்களில் அந்தக் கவட்டைப் படம் இன்னும் தொடர்வது எனக்கு வருத்தம்தான்.

இரண்டு என்பதை வலியுறுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. யூக்ளினாவை மட்டும் தனியாக எடுத்துவைத்தால் அந்தக் குட்டை இழை ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் போலத் தெரியும். அதன் உறவினர்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறிவிடும். கடல், கழிமுகத் தண்ணீரில் வாழும் யூட்ரெப்டியா, யூட்ரெப்டியெல்லா ஆகியவற்றில் இரண்டு கசையிழைகளும் வெளியே வந்து அடித்து நீந்துகின்றன. குளத்தின் அடிச்சேற்றில் வாழும் நிறமற்ற பெரனீமாவில் ஒன்று முன்னால் விறைப்பாக நீண்டிருக்கும், மற்றொன்று வயிற்றுப்புறப் பள்ளத்தில் பின்னோக்கி ஒட்டிக் கிடக்கும். என்டோசிஃபானில் பின்கசையிழை தனியாக இழுபட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். ஆக, பைக்குள்ளிருந்து கிளம்பும் இரண்டு கசையிழைகள் என்பதே இந்தக் கூட்டம் முழுவதற்கும் பொதுவான உடலமைப்பு. யூக்ளினாவில் அதில் ஒன்று குட்டையாகிவிட்டது. செல் பிரியும்போதும் இது தெரிகிறது. பிரிவதற்கு முன் புதிதாக இரண்டு கசையிழைகள் உருவாகின்றன. பிறகு ஒவ்வொரு சேய்ச் செல்லுக்கும் ஒரு பழையதும் ஒரு புதியதும் போய்ச் சேர்கின்றன.

இனி நீளமான கசையிழையின் உள்ளமைப்பு. உள்சட்டம் நம் மூச்சுக்குழாயின் குற்றிழைகளிலும் விந்தணுவின் வாலிலும் இருக்கும் அதே அமைப்புதான்: சுற்றிலும் 9 இரட்டை நுண்குழல்கள், நடுவில் 2. பாக்டீரியாவின் கசையிழைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பாக்டீரியாவில் அது அடியிலுள்ள ஒரு மோட்டார் சுழற்றும் உயிரற்ற புரத இழை. இங்கே இழை முழுவதும் செல்சவ்வு போர்த்தியிருக்கிறது, வளைக்கும் விசையும் இழையின் நீளம் முழுக்க உள்ளேயே உற்பத்தியாகிறது. தேர்வுகளில் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். யூக்ளினாவுக்கே உரிய சிறப்பு என்னவென்றால், அந்த 9+2 சட்டத்தை ஒட்டி, அதன் நீளவாக்கில் புரதத்தால் ஆன ஒரு தடித்த தண்டும் ஓடுகிறது. யூக்ளினா வகைகளின் கசையிழை மற்றப் பாசிகளினுடையதைவிடப் பருமனாக, ஓரளவு எளிதாகக் கண்ணில் படுவதற்கு இந்தத் தண்டுதான் காரணம். இழையின் வெளிப்பரப்பில் நுண்மயிர்களும் உண்டு. அவற்றில் ஒரு வரிசை மட்டும் நீளமானது, ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டர் வரும். சாதாரண நுண்ணோக்கியில் அவை தெரியாது.

இதே தண்டு வேறு யாரிடம் இருக்கிறது என்பது முக்கியமான செய்தி. ஆப்பிரிக்கத் தூக்கநோயை உண்டாக்கும் டிரிபனோசோமாவிலும், காலா அசார் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியாவிலும் இருக்கிறது. அவற்றின் கசையிழையும் ஒரு பைக்குள்ளிருந்துதான் கிளம்புகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளும் இரு பக்கத்திலும் ஒரே மாதிரி வட்டத்தட்டு வடிவில் இருக்கின்றன. மரபணு ஒப்பீடும் அந்த உறவையே உறுதிசெய்ததால், இவை எல்லாவற்றையும் யூக்ளினோசோவா என்ற ஒரே பெரும் பிரிவில் வைக்கிறார்கள். 1903-இல் சென்னையில் பணியாற்றிக்கொண்டிருந்த மருத்துவர் சார்லஸ் டோனோவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த திசுவில் கண்டு விவரித்த லீஷ்மேனியா டோனோவனி, குளத்தில் பச்சையாக நீந்தும் யூக்ளினாவுக்குத் தூரத்து உறவு. தண்டு எதற்கு என்பதற்கான வலுவான சான்றும் டிரிபனோசோமாவிலிருந்தே வந்தது. 1998-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தண்டின் புரதங்களில் ஒன்று உருவாகாதபடி செய்ததும் அந்தச் செல்கள் நீந்த முடியாமல் அடியில் படிந்துவிட்டன. யூக்ளினாவிலும் தண்டின் வேலை ஏறத்தாழ இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்க இடமுண்டு. ஆனால் இது உறவின் அடிப்படையில் செய்யும் ஊகம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீந்தும் விதம் பற்றிப் பாடநூல்கள் மேலோட்டமாகத்தான் பேசுகின்றன. கசையிழை முன்னால் கிளம்பினாலும் நேராக முன்னோக்கி நீட்டிக்கொண்டிருப்பதில்லை. வெளியே வந்தவுடன் மடங்கி, உடலின் பக்கவாட்டில் பின்னோக்கிச் சாய்ந்து, சுழற்சியாக அடிக்கிறது. அலை அடியிலிருந்து நுனிக்குப் போகிறது. இதனால் செல் முன்னே நகரும்போதே தன் நீள அச்சில் உருண்டுகொண்டும், ஒரு சுருள்பாதையில் சென்றுகொண்டும் இருக்கிறது. இத்தாலியின் ட்ரியெஸ்டே நகர ஆய்வாளர்கள் 2017-இல் யூக்ளினா கிராசிலிஸ் என்ற இனத்தின் இந்தச் சுருள்பாதையையும் கசையிழையின் முப்பரிமாண வடிவத்தையும் அளந்து கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தச் செல்லின் நீளம் 50 மைக்ரோமீட்டர் அளவுக்கு இருக்கும். நொடிக்குத் தன் உடல் நீளம் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான தூரம் செல்லும். உருண்டுகொண்டே போவது என்பதை நினைவில் வையுங்கள், சிவப்புப் புள்ளியின் கதை அதில்தான் தொங்குகிறது.

அந்தச் சிவப்புப் புள்ளி கண் இல்லை. ஒளியை உணரும் உறுப்பும் அது இல்லை. கரோட்டினாய்டு நிறமி நிறைந்த எண்ணெய்த் துளிகளின் தொகுப்பு அது, பையின் பக்கச்சுவரை ஒட்டி சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசியில் இதே போன்ற புள்ளி, ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குள் இருக்கும், யூக்ளினாவில் வெளியே இருக்கிறது. வகுப்பில் நான் கேட்கத் தவறாத வேறுபாடு இது. ஒளியை உண்மையில் உணர்வது, அந்தப் புள்ளிக்கு நேரெதிரே நீளமான கசையிழையின் அடிப்பகுதியில், பைக்குள் இருக்கும் ஒரு சிறு வீக்கம். அதற்கு நிறம் மிக மங்கல், ஆகவே யார் கண்ணிலும் படுவதில்லை. பளிச்சென்று இருக்கும் புள்ளிக்குக் கண் என்ற பெயர் போய்விட்டது.

வீக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில் நீண்ட நாள் கருத்து வேறுபாடு இருந்தது. நம் விழித்திரையில் இருப்பது போன்ற ரொடாப்சின் என்று ஒரு குழுவும், மஞ்சள் நிற ஃபிளேவின் சேர்ந்த புரதம் என்று மற்றவர்களும் வாதிட்டார்கள். 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த வீக்கத்தைப் பிரித்தெடுத்து, அதிலுள்ள புரதம் ஃபிளேவினைத் தாங்கிய ஒரு நொதி என்று காட்டினார்கள். நீல ஒளி பட்டவுடன் அது செல்லின் உள்செய்திக் கடத்தியான சுழல் ஏஎம்பி என்னும் சேர்மத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. ஒளியை வாங்குவதும் செய்தியை உண்டாக்குவதும் ஒரே புரதம். இது அரிது. அதனாலேயே பிற ஆய்வாளர்கள் இதை எடுத்து வேறு உயிரிகளின் செல்களில் புகுத்தி, ஒளியைப் போட்டு அணைத்தே செல்லின் நடத்தையை மாற்ற முடியுமா என்று பார்த்தார்கள். 2007-இல் பழ ஈக்களில் அதைச் செய்தும் காட்டினார்கள்.

அப்படியானால் சிவப்புப் புள்ளி எதற்கு? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: செல் உருண்டுகொண்டே போவதால், பக்கத்திலிருந்து ஒளி வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை புள்ளியின் நிழல் வீக்கத்தின் மேல் விழுகிறது. அந்த மறைப்பு நேரும்போது கசையிழை தன் அடியை மாற்றிச் செல்லைச் சற்றுத் திருப்புகிறது. மறைப்பு நேராத திசை வரும்வரை திருத்தம் தொடர்கிறது. விளக்கம் அழகானது, பெருமளவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் இதை முழு உண்மையாக எழுத நான் தயங்குகிறேன். சிவப்புப் புள்ளி இல்லாத திரிபு வகைகளும் வலுவான ஒளியிலிருந்து விலகி நீந்துவதாகப் பதிவுகள் உண்டு. வீக்கத்திலுள்ள நிறமி மூலக்கூறுகள் ஒழுங்கான திசையில் அடுக்கப்பட்டிருப்பதால், ஒளி எந்தப் பக்கம் வருகிறது என்பதை அந்த அடுக்கே ஓரளவு உணர்த்திவிடும் என்ற கருத்தும் இருக்கிறது. இன்னொரு புதிரும் உண்டு. அந்த நொதி உருவாகாமல் தடுத்தபோது, திடீரென வெளிச்சம் கூடினால் பின்வாங்கும் இயல்பு போய்விட்டது. திடீரென வெளிச்சம் குறைந்தால் காட்டும் எதிர்வினை மட்டும் போகவில்லை. அதற்கு வேறொரு உணர்வி இருந்தாக வேண்டும்.

உடலின் போர்வை பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நுண்ணோக்கியில் யூக்ளினாவை அடையாளம் காட்டுவதே அதுதான். தாவரங்களைப் போல செல்லுலோஸ் சுவர் இதற்குக் கிடையாது. பெல்லிக்கிள் என்கிற போர்வை செல்சவ்வுக்கு வெளியே இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். இல்லை. செல்சவ்வுதான் வெளிப்புறம், அதற்கு நேர் கீழே நீளமான புரதப் பட்டைகள் உடலைச் சுற்றிச் சாய்வாக ஓடுகின்றன, அவற்றுக்குக் கீழே நுண்குழல்கள். யூக்ளினா கிராசிலிஸில் ஏறக்குறைய 40 பட்டைகள். கடை ஷட்டரின் தகடுகள் ஒன்றன் விளிம்பில் ஒன்று கொக்கி மாட்டி, விட்டுப் பிரியாமல், அதே சமயம் நீளவாக்கில் ஒன்றோடொன்று வழுக்கும்படி இருப்பதைப் போன்ற அமைப்பு. பட்டைகள் இப்படி வழுக்குவதால்தான் செல் திடீரெனப் பருத்து, உருண்டு, மறுபடி நீண்டு நெளிகிறது. பட்டைகள் அதிகமாகவும் சுருளாகவும் இருக்கும் இனங்கள் நன்றாக நெளியும். குறைவாகவும் நேராகவும் இருப்பவை விறைப்பானவை. யூக்ளினாவின் உறவினமான ஃபேக்கஸில் பட்டைகள் ஒன்றாக இணைந்துவிட்டதால் அது தட்டையான இலை வடிவத்திலேயே இருக்கும், நெளியாது. செல் பிரியுமுன் பழைய பட்டைகளுக்கு இடையிடையே புதியவை முளைத்து எண்ணிக்கை இரட்டிப்பாகி, சரிபாதியாகச் சேய்களுக்குப் போகின்றன. இந்த நெளிவால் என்ன பயன் என்பது வெகுகாலம் விளங்கவில்லை, நீந்துவதற்கு அது சற்றும் வேகமான வழியில்லை. 2019-இல் அதே ட்ரியெஸ்டே குழுவினர், மிகக் குறுகிய இடைவெளியில் சிக்கும் யூக்ளினா கசையிழையால் நீந்துவதை விட்டுவிட்டு உடல் நெளிவால் ஊர்ந்து முன்னேறுகிறது என்று காட்டினார்கள். கவர்கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் வற்றும்போது அவை நெளியத் தொடங்குவதை நான் வகுப்பில் ஓயாமல் பார்த்ததுண்டு. இயற்கையில் சேற்று மணலிடையே அது எவ்வளவு பயன்படுகிறது என்பது தனிக் கேள்வி.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செல்லில் மிகையாகும் நீரை வெளியேற்றும் சுருங்கும் நுண்குமிழ், அந்த நீரை நேராக வெளியே விடாமல் அந்தப் பைக்குள்தான் விடுகிறது. உட்கருவில் செல் பிரியாத வேளையிலும் குரோமோசோம்கள் சுருண்டே கிடக்கின்றன. பிரியும்போது உட்கருச் சவ்வு கரைவதில்லை, உட்கருமணியும் மறைவதில்லை. பிரிவு எப்போதும் நீளவாக்கில், முன்முனையிலிருந்து தொடங்கும். பால் இனப்பெருக்கம் இவற்றில் உறுதியாக நிறுவப்படவில்லை.

தாவரமா விலங்கா என்ற கேள்விக்குப் பசுங்கணிகம் விடை சொல்கிறது. யூக்ளினாவின் பசுங்கணிகத்தைச் சுற்றி மூன்று சவ்வுகள் இருக்கின்றன. தாவரங்களிலும் பச்சைப்பாசிகளிலும் இரண்டுதான். மூன்றாவது சவ்வுக்குக் காரணம், இதன் முன்னோர் நிறமற்ற ஓர் இரைதின்னி, பெரனீமா போல. அது பச்சைப்பாசி ஒன்றை விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டது. மரபணு ஒப்பீட்டின்படி அந்தப் பாசி பிரமிமோனாஸ் வகையைச் சேர்ந்தது. ஆகவே யூக்ளினாவின் உடல் ஒரு பரம்பரை, அதன் பச்சை இன்னொரு பரம்பரை. 1948-இல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து சேர்த்து வளர்த்த யூக்ளினா கிராசிலிஸ் தன் பச்சையை நிரந்தரமாக இழந்து, வெள்ளையாகவே வாழ்ந்து பெருகியது கண்டறியப்பட்டது. தாவரம் என்ற பெட்டியில் அடைக்க முடியாத நடத்தை இது. சேமிப்பு உணவும் ஸ்டார்ச் இல்லை, பாராமைலான் என்ற வேறொரு சர்க்கரைத் தொடர், அதுவும் பசுங்கணிகத்துக்கு வெளியே.

இங்கே மகளின் பாடநூலில் ஒரு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். வெளிச்சம் இல்லாதபோது யூக்ளினா சிறிய உயிரிகளை வேட்டையாடித் தின்னும் என்று பள்ளி நூல்களில் காணப்படுகிறது. பெரனீமா வேட்டையாடும், யூக்ளினாவையே விழுங்கும். யூக்ளினா அப்படிச் செய்வதில்லை. இருட்டில் அது தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களை உறிஞ்சித்தான் வாழ்கிறது. பையைத் தொண்டை என்று பழைய நூல்கள் சொன்னதால் வந்த குழப்பம் இது. தேர்வில் பாடநூலின் வரியைக் கேட்டால் மதிப்பெண்ணுக்காக அதை எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை, ஆனால் மகள் உண்மையைத் தெரிந்துகொண்டே எழுதட்டும்.

அப்புறம், வீட்டு நுண்ணோக்கியில் என்ன செய்யலாம் என்பது. குட்டைக் கசையிழையைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். நீளமானதைத் தெளிவாகப் பார்க்க, மேடைக்குக் கீழே உள்ள ஒளித்துளையை நன்றாகக் குறுக்குங்கள், மங்கலான ஒளியில்தான் இழை எடுபடும். பார்த்த பிறகு கவர்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி நீர்த்த அயோடின் கரைசல் விடுங்கள். செல்கள் அசையாமல் நின்றுவிடும், கசையிழையும் பழுப்பேறித் தெரியும். சில செல்கள் அதிர்ச்சியில் அதை உதிர்த்துவிடுவதும் உண்டு, அதனால் ஒன்றுகூடத் தெரியாத செல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உயிரோடு இருக்கும் செல் உதிர்த்த கசையிழையைச் சில மணி நேரத்தில் மீண்டும் வளர்த்துக்கொள்ளும். அதே அயோடினில் பாராமைலான் மணிகள் நீலமாக மாறாது, பக்கத்தில் கிடக்கும் பச்சைப்பாசியின் ஸ்டார்ச் கருநீலமாகும். இரண்டையும் ஒரே கண்ணாடியில் மகளுக்குக் காட்டிவிடலாம். இரண்டு கசையிழைகளையும் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்றால், கடலோரக் கழிமுகத்திலோ உப்பங்கழியிலோ பசுமை படிந்த தண்ணீரைக் கொண்டுவந்து யூட்ரெப்டியாவைத் தேடுங்கள். கிடைத்தால் உங்கள் நுண்ணோக்கியே போதும்.